ரங்கநாதன் தெருவில் டவர் சுருங்கிய மாலை

என் மனைவியின் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அழகுக்காகவோ சம்பளத்துக்காகவோ இல்லை. எனக்கு ரேடியோ தெரியும், அவளுக்கு அது புரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை, ஒரே ஆபீசில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒரே ஸ்கூட்டரில் மயிலாப்பூருக்குத் திரும்பி வருவது லேசான காரியம் கிடையாது. வழியெல்லாம் அவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். நான் ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன்.

நாங்கள் இருவரும் ஒரு மொபைல் கம்பெனியில் வேலை செய்தோம். மொட்டைமாடிகளில் நிற்கும் டவர்களின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும், எவ்வளவு பலமாகப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பது எங்கள் வேலை. ஆபீசில் அதை ரேடியோ என்போம். டூஜி காலத்தில் நான்தான் அவளுக்கு சீனியர். அதைக் கல்யாணத்துக்கு அப்புறமும் அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன். டூஜியில் ஒவ்வொரு டவருக்கும் தனித்தனி அலைவரிசை உண்டு. பக்கத்து டவரின் அலைவரிசையை இந்த டவருக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொண்டு யாருக்கும் எதுவும் கேட்காது. அடையாறு பாலத்திலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை எந்த டவருக்கு எந்த எண் என்பது எனக்கு மனப்பாடம். ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு.

த்ரீஜி வந்து அந்தக் கர்வத்தை ஒரே காலையில் துடைத்துப் போட்டது. தியாகராய நகரில் ஒரு ஓட்டலின் மேல்மாடி ஹாலில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். பாடம் எடுக்க வந்தவர் போர்டில் நாலு டவர் வரைந்தார். நாலுக்கும் ஒரே அலைவரிசையை எழுதினார். எல்லா டவரும், எல்லா போனும், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசும் என்றார். நான் எழுந்து, எல்லோரும் சேர்ந்து பேசினால் எது யார் பேச்சு என்று எப்படி சார் தெரியும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி சொன்னாள்.

"ரங்கநாதன் தெருவுல நூறு பேர் கத்தறா. ஆனா புடவைக்கு ஃபால்ஸ் வாங்கப் போறவளுக்கு ஃபால்ஸ் விக்கறவன் குரல் மட்டும் காதுல விழறதே, அந்த மாதிரி."

ஹால் முழுக்கச் சிரித்தது. வந்தவரும் சிரித்துவிட்டு, அதேதான் என்றார். ஒவ்வொரு பேச்சோடும் ஒரு ரகசியக் குறியீட்டைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு அந்தப் பேச்சு மட்டும் மேலே எழுந்து வரும். மற்ற எல்லோருடைய பேச்சும் அவருக்கு வெறும் இரைச்சலாகக் கீழே கிடக்கும். பிறகு பல ஊர்களில் அவர் இந்த வகுப்பை எடுத்தபோதெல்லாம் ஃபால்ஸ் உதாரணத்தைத்தான் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். கேள்வி கேட்டவன் நான் என்பதை ஒரு ஊரிலும் சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவர் சொன்ன இன்னொரு விஷயமும் எனக்குப் பிடித்திருந்தது. டவருக்குப் பக்கத்தில் இருக்கிறவன் உரக்கப் பேசினால் தூரத்தில் இருக்கிறவன் குரல் அமுங்கிவிடும். அதனால் ஏற்று, இறக்கு, ஏற்று என்று நொடிக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை டவர் ஒவ்வொரு போனுக்கும் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். எல்லோருடைய குரலும் டவரின் காதுக்கு ஒரே அளவில் வந்து சேர வேண்டும். இதை நான் கவனமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். அவள் எழுதவே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பாண்டி பஜாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் நான் அவளைவிட மூன்று மதிப்பெண் அதிகம் வாங்கினேன். அதை இன்றுவரை மறக்கவில்லை என்றால் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

டவர்களை நட்ட பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு வண்டியில் லேப்டாப், நாலைந்து போன், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவோம். போகிற வழியெல்லாம் திரையில் புள்ளிகள் விழும். பச்சை என்றால் நல்ல சிக்னல், மஞ்சள் சுமார், சிவப்பு என்றால் தலைவலி. வண்டி ஓட்ட வந்தவர் பட்டினப்பாக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மீன் வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு டிரைவர் ஆனவர். எந்த மேஸ்திரியையும் வாட்ச்மேனையும் பேசிச் சரிக்கட்டி எங்களை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவார். அவருக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது.

"சார், நீ லேப்டாப்பையே பாத்துகினு வர. மேடம் ரோட்டைப் பாத்துகினு வருது. ஆனா அது சொல்றதுதான் கரீட்டா கீது, அது இன்னா சார்?" என்று ஒரு நாள் என்னிடமே கேட்டார்.

வண்டியை ஒழுங்காக ஓட்டுங்கள் என்றேன்.

இந்தச் சோதனைக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். சாலையில் ஈ காக்கை இருக்காது. தியாகராய நகர் முழுவதையும் ஏழரைக்குள் முடித்துவிட்டு, மயிலாப்பூரில் மெஸ்ஸுக்குப் போய் வெண்பொங்கல் சாப்பிடுவோம். டூஜி காலத்தில் அதில் ஒரு தப்பும் கிடையாது. டூஜி டவர் விடியற்காலையில் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம்தான் சாயங்காலமும் கேட்கும். கூட்டம் அதிகமானால் இடமில்லை என்று சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில்தான் த்ரீஜிக்கும் நான் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். தியாகராய நகர் முழுக்கப் பச்சைப் புள்ளி விழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் புகார் வர ஆரம்பித்தது. உஸ்மான் சாலைக்குப் பின்னால் சந்துகளில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து எல்லாப் புகாரும் ஒரே மாதிரி வந்தது. காலையில் போன் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் ஆனால் பாதிப் பேச்சில் அறுந்துபோகிறது. நாங்கள் மறுநாள் காலையில் போய்ப் பார்ப்போம். பச்சை. குறை எதுவும் இல்லை என்று எழுதிப் புகாரை மூடுவோம். ஒரு அம்மாள் மூன்று தடவை புகார் கொடுத்துவிட்டு, நாலாவது தடவை எங்கள் ஆளிடம், நீங்கள் எல்லாம் சாயங்காலம் எங்கேதான் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள், "அந்த மாமி கேட்டது நியாயம்தானே. சாயங்காலம் போய்ப் பாத்தா என்ன?"

"தீபாவளிக் கூட்டத்துல வண்டி எங்கே போகும்?"

"நடந்து போகலாமே."

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். அவள் யோசனை சரி என்று எனக்கு அந்த நிமிஷமே பட்டுவிட்டது. அதனால்தான் அவ்வளவு கடுப்பாகச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் டிரைவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். துணைக்கு வருகிறேன் என்று நானும் போனேன். துணையாவது ஒன்றாவது. அவள் தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று போனேன். பையை முதுகில் மாட்டினால் கூட்டத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று அவள் முன்பக்கமாக மாட்டிக்கொண்டாள். உள்ளே ஜிபிஎஸ்ஸும் நாலு போனும். கையில் ஒரு சின்னத் திரை. மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தடியிலிருந்து ஆரம்பித்தோம். முன்னால் டிரைவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வயி உடு நைனா, கவர்மென்ட் வேலை நடக்குது" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் நான். சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் நடுவில் புகுந்ததில் என் ஒரு செருப்பு போயிற்று.

ரங்கநாதன் தெருவுக்குள்ளே சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். உஸ்மான் சாலையைத் தாண்டி அந்த அடுக்குமாடிச் சந்துக்குள் திரும்பியதும் புள்ளி மஞ்சளாயிற்று. பத்தடி போனதும் சிவப்பு. என் அறிக்கையில் அதே இடம் பச்சைப் பசேல் என்று இருந்தது. அவள் ஒரு வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்று எனக்குப் போன் போட்டுப் பேசினாள். நான் ஆறடி தள்ளி நின்று எடுத்தேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துவிட்டது.

இதற்குப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. டவர் மூச்சு விடுகிறது என்பார்கள். த்ரீஜியில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு இரைச்சல். தெருவில் கூட்டம் ஏற ஏற இரைச்சல் ஏறும். டவரின் எல்லையில் இருக்கும் போன் தன் முழு பலத்தையும் போட்டுக் கத்தினாலும் அந்த இரைச்சலைத் தாண்டி அதன் குரல் டவருக்கு எட்டாது. டவர் நின்ற இடத்தில்தான் நிற்கும், அதன் எல்லை மட்டும் சுருங்கிக்கொண்டே வரும். கூட்டம் கலைந்து கடைகளுக்கு ஷட்டர் போட்டதும் மறுபடி விரிந்துவிடும். நாங்கள் காலையில் போய் விரிந்த டவரைப் பார்த்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போயிருக்கிறோம். இந்தப் பாடத்தை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அந்த மூன்று மதிப்பெண்ணே அதில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். எழுதிவிட்டு வந்து ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன்.

ஒற்றைச் செருப்போடு அந்தச் சந்தில் நின்றபோது எனக்கு வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு விஷயம் பிடிபட்ட சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷம் எனக்கு அந்த வேலையில் ஒரு நாளும் கிடைத்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அறிக்கையில் அவள் காலை அளவு, மாலை அளவு என்று இரண்டு படம் மட்டும் வைத்தாள். காலைப் படத்தை எடுத்தவர் யார் என்று போடவில்லை. அது என்னைக் காப்பாற்றியது, கூடவே இன்னும் எரிச்சல்படுத்தியது. ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன டவர், தெருவைப் பார்த்துக் குனிந்த ஆன்டெனா, இரைச்சலைப் பங்கு போட இரண்டாவதாக ஒரு அலைவரிசை என்று அவள் கேட்ட மூன்றும் தைப் பொங்கலுக்குள் வந்துவிட்டது. சோதனையெல்லாம் இனி சாயங்காலத்தில்தான் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். "மேடத்தால நமக்கு வெண்பொங்கல் பூட்ச்சு சார்" என்று டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் மேனேஜர் என்னைக் கீழே டீக்கடைக்குக் கூப்பிட்டார். டவர் கருவிகளைச் செய்யும் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவரை ஒரு வருஷம் அனுப்பப் போகிறார்கள். பனி விழுகிற தேசம். போய்த் திரும்பினால் அந்த ஆள் எங்கேயோ போய்விடலாம்.

"உங்க வீட்டம்மாவை அனுப்பலாம்னு பாக்கறேன். நேரா அவங்ககிட்ட கேட்டா ஆபீஸ்ல மறுக்க முடியாம சரின்னுடுவாங்க. வீட்டுல ஒத்து வருமான்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் டீயை ஒரு வாய் குடித்தேன். "கஷ்டம் சார். எங்கம்மாவுக்கு உடம்பு முடியலை. அவங்களை விட்டுட்டு இவ போக மாட்டா" என்றேன்.

உடம்பு முடியாத என் அம்மா அந்த நேரத்தில் கபாலி கோயிலைச் சுற்றி முடித்து, மாட வீதியில் கீரைக்காரியிடம் பேரம் பேசி, இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருப்பாள். "நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்று மேனேஜர் தலையாட்டினார். அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவளுக்குப் பதில் என்னை அனுப்புவார் என்று ஒரு நப்பாசை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், சமையலறையில் அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த வெளிநாட்டு ட்ரெய்னிங் பத்தி சார் உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றாள்.

"இல்லையே. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. நானும் டிகாக்‌ஷனைக் கொட்டிவிடாமல் ஊற்றினேன். மறுநாள் சில்லறை எடுக்க அவள் கைப்பையைத் திறந்தபோது புதிதாக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு இருந்தது. மூடி வைத்துவிட்டேன். கடைசியில் சென்னைக்கு ஒதுக்கிய இடத்தில் பெங்களூரிலிருந்து யாரோ போனான். என் பெயரை ஒருவரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஸ்கூட்டரில் அவள் ரேடியோ பற்றிப் பேசுவது குறைந்தது. காய் விலை, அம்மாவின் மாத்திரை, மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று பேச்சு போயிற்று. இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் பாங்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். பொறாமைப்பட ஆளில்லாமல் போனதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி புரியாமல் நிற்கும்போதெல்லாம், அவளாக இருந்தால் ரோட்டைப் பார்த்தே சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றும். அவள் போன பிறகும் நான் அவள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஃபோர்ஜி வந்தது. த்ரீஜியைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்து, அதன் அலைவரிசையை ஃபோர்ஜிக்குக் கொடுத்தோம். தியாகராய நகரில் கடைசி த்ரீஜி டவரை நிறுத்தும் உத்தரவை நான்தான் கம்ப்யூட்டரில் தட்டினேன். அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா" என்றாள். வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னாள்.

போன தை மாதம் அந்த மேனேஜரின் பெண்ணுக்குக் கல்யாணம். மனிதர் ரிட்டயர் ஆகி அடையாறில் இருக்கிறார். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டு நானும் என் மனைவியும் வெற்றிலைத் தட்டுப் பக்கம் நின்றோம். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்க மட்டும் அன்னிக்குப் போயிருந்தா இன்னிக்கு எங்கேயோ இருந்திருப்பீங்கம்மா. மாமியாருக்கு முடியலைன்னு போக மாட்டேன்னுட்டீங்க. என்ன பண்றது" என்றார் அவளிடம்.

என் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். அது மாறவே இல்லை.

"ஆமாம் சார். அப்போ ஆத்துல சூழ்நிலை அப்படி" என்றாள்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நன்னா இருக்கா சார். இன்னிக்குக் கார்த்தாலகூடக் கோயிலுக்கு நடந்துதான் போனா."

திரும்பி வரும்போது காரில் நான்தான் ஓட்டினேன். வெங்கட்நாராயணா சாலையில் திரும்பியதும் கேட்டேன், "உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே. சார் என் டேபிளுக்கு வந்து, மாமியாரை நல்லாப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனார். என்ன விஷயம்னு கேட்டேன், சொன்னார்."

"அப்ப அவர்கிட்டயே, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பொய் சொன்னேன்னு ஆயிடுமே. அதான் முதல்ல உன்கிட்ட கேட்டேன்."

"எனக்கு உன்மேல பொறாமையா இருந்தது" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அது தெரியும்" என்றாள். "இங்கே நிறுத்தாதே, போலீஸ்காரன் வருவான். போ."

நான் கிளப்பினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குரல் உயராமல் சொன்னாள்.

"அன்னிக்குக் காய் நறுக்கிண்டே நான் கேட்டப்போ நீ ஆமாம், சார் கேட்டார்னு சொல்லியிருந்தா, அம்மாவுக்கு இப்பத் தேவலைன்னு மறுநாளே சார்கிட்டப் போய்ச் சொல்லியிருப்பேன். யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. போறவா பேரை அவர் அனுப்ப இன்னும் நாலு நாள் இருந்தது. நாலு நாளும் நான் காத்துண்டிருந்தேன்."